பினாங்கில் அவசரமில்லாமல் சுற்ற: கோயில், பூங்கா, அருங்காட்சியகம் – எதை எடுப்பது, எதை விடுவது?

செலாயாங் சுதா

வணக்கம். இந்தப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்கு வருகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் முகம் மாறிவிடும்.

கடற்கரையும் வேண்டாம், பேரங்காடியும் வேண்டாம். மாமியாருக்குக் கோயிலும் செடிகொடியும் பிடிக்கும். எந்தச் சாமி என்று பார்க்க மாட்டார், எங்கே மணியடித்தாலும் கை கூப்புவார். மகனுக்கு வாள், பீரங்கி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு யாரும் “கிளம்பு, கிளம்பு” என்று விரட்டாமல் இருந்தால் போதும்.

இணையத்தில் கிடைக்கிற திட்டங்களைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். கெக் லோக் சி என்கிற சீன மலைக்கோயில் மாமியாரால் முடியுமா? பார்க்கத் தகுந்த அருங்காட்சியகம் எது? சயாம் கோயில், பர்மா கோயில் போனால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஜார்ஜ்டவுனில் தங்குகிறோம், காடி கையில் இருக்கிறது.

ஜொகூர் குமார்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? காலை எட்டு மணிக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில். பத்தரைக்கு இறங்கி நேரே கெக் லோக் சி. ஒரு மணிக்கு நாசி கண்டார் சோறு. இரண்டு மணிக்குத் தாவரவியல் பூங்கா. மூன்றரைக்குச் சயாம் கோயில், எதிரிலேயே பர்மா கோயில், இரண்டையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஐந்து மணிக்கு ஆர்மேனியன் தெரு சுவரோவியம். எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் தெலுக் பஹாங் பக்கம் போய் வண்ணத்துப்பூச்சியும் வாசனைத் தோட்டமும் பாருங்கள்.

இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்துவிட்டு உட்கார்ந்து பொழுது போக்குவதற்கு வீட்டிலேயே இருக்கலாமே.

தண்ணீர்மலை தம்பி

குமார் அண்ணே, இரண்டு மணிக்குப் பூங்காவா? அந்த வெயிலில் குரங்குகூட மரத்தை விட்டு இறங்காது.

சுதா அக்கா, நான் அந்தச் சாலையிலேயே வளர்ந்தவன், அதனால் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள். விடியும் முன்பே திறந்துவிடுவார்கள், கட்டணம் கிடையாது. மூன்று பக்கமும் காட்டுமலை, நடுவில் பள்ளத்தாக்கு, அதுதான் பூங்கா. ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த இடம் என்று சொன்னால் நம்ப முடியாது. 1884-ல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளர் பொறுப்பேற்று உருவாக்கினார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து விதை வரவழைத்து நட்டுப் பார்த்த இடம் இது. புதிதாக வந்த செடி இந்த மண்ணில் பிழைக்குமா என்று சோதிக்கும் வயல் மாதிரி. அதனால் இங்குள்ள பெரிய மரங்களில் பலவும் வெளியூர்க்காரர்கள்தான், நம்மைப் போல.

உள்ளே சுற்றிவரும் பாதை தார்ச்சாலை, பெரும்பாலும் சமதளம். மாமியார் அவர் வேகத்தில் போகலாம், பெஞ்சும் அங்கங்கே உண்டு. நாகலிங்க மரத்தைத் தவறவிடாதீர்கள். அடிமரத்திலிருந்தே கொத்தாகப் பூக்கும், காலையில்தான் வாசனை தூக்கும். அல்லிக் குளம் இருக்கிற பக்கம் காடு நெருங்கி வந்திருக்கும், கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும்.

குரங்கு இரண்டு வகை. ஒன்று நீளவால் குரங்கு. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் பறித்துக்கொண்டு போகும். இன்னொன்று கருமந்தி. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வெள்ளை வளையம், குட்டியாக இருந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். அது சாது, மரத்தின் மேலேயே இருந்து இலை தின்னும். உங்கள் மகன் இதற்கே அரை மணி நேரம் நின்றுவிடுவான். தீனி மட்டும் போட வேண்டாம். தடை இருக்கிறது, அபராதமும் போடுவார்கள்.

அருவியைத் தேடி அலையாதீர்கள். பூங்காவுக்கே அருவியின் பெயரைச் சொல்லித்தான் பழைய ஆட்கள் வழி காட்டுவார்கள், ஆனால் அருவி இருப்பது குடிநீர் நிறுவனத்தின் எல்லைக்குள். நினைத்தபடி போய்ப் பார்க்க முடியாது.

திரும்பும் வழியில் முருகன். மலைமேல் கோயிலுக்கு 513 படி, அதை மாமியாரிடம் சொல்லவே வேண்டாம். அதே சாலையில் கீழே நகரத்தார் கோயில் இருக்கிறது, 1857-ல் கட்டியது. செட்டிநாட்டு மரவேலை, தரையெல்லாம் சில்லென்று இருக்கும். அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அன்றைய காலைக்கு இது போதும். பசியாறிவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள்.

கம்பார் ரோடு

நாகலிங்கத்தைப் பற்றித் தம்பி சொன்னதால் ஒரு சின்னச் செய்தி. நமக்கு அது சிவன் பூ. இலங்கையிலும் தாய்லாந்திலும் அதே மரத்தைப் புத்தர் கோயிலில் நடுவார்கள், புத்தர் பிறந்தது இந்த மரத்தடியில் என்று நினைத்து. அந்தச் சால மரம் வேறு, இது வேறு. நாகலிங்கம் தென்னமெரிக்கக் காட்டு மரம். புத்தர் காலத்திலும் நாயன்மார் காலத்திலும் நம் பக்கம் யாரும் அதைப் பார்த்திருக்க வழியில்லை. வந்த இடத்தில் இரண்டு மதத்தாரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

கோயில் நடைமுறை பற்றிக் கேட்டீர்கள். சயாம், பர்மா, சிங்களக் கோயில் மூன்றும் தேரவாத மரபு. சன்னிதிக்குள் செருப்பு கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை. உட்காரும்போது புத்தரை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. மாமியாருக்கு மடக்க முடியாதென்றால் பின்னால் நாற்காலியோ திண்ணையோ பார்த்து உட்காரச் சொல்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் பிக்குவின் கையில் நேரடியாக எதையும் கொடுப்பதில்லை. தட்டில் வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் கணவரைக் கொடுக்கச் சொல்லுங்கள். உணவு தானம் செய்ய ஆசைப்பட்டால் முற்பகலிலேயே போக வேண்டும். நண்பகலுக்குப் பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை.

சீனக் கோயிலில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. முற்றத்தில் செருப்போடுதான் நடப்பார்கள். ஆனால் ஊதுபத்திப் புகை அதிகம், மாமியாருக்கு இழுப்பு இருந்தால் கவனம்.

கூட்டமே இல்லாத இடம் வேண்டுமென்றால் கம்பார் சாலையில் நான் சொன்ன சிங்களக் கோயில், மகிந்தராம விகாரை, 1918-ல் தொடங்கியது. சுற்றுலாப் பேருந்து வராது. அரச மரம், வெள்ளைத் தூபி, ஞாயிற்றுக்கிழமை பாலிப் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம், அவ்வளவுதான்.

லக்சா பிரியை

சயாம் கோயிலில் லக்சா படைக்கிற சாமியார் சிலையை யாருமே சொல்லவில்லையே! அந்தக் கோயிலின் பழைய தலைமைப் பிக்கு ஒருவருக்கு ஆசாம் லக்சா, அதான் நம் புளிப்பு மீன்குழம்பு நூடுல்ஸ், என்றால் உயிராம். இன்றைக்கும் அவர் சன்னிதியில் பக்தர்கள் ஒரு கிண்ணம் லக்சாவை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். பினாங்குக்காரருக்கு முக்திக்கும் லக்சா வழியாகத்தான் போக வேண்டும் போல.

ஜொகூர் குமார்

> அன்றைய காலைக்கு இது போதும். பசியாறிவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள்.

தம்பி, இது சுற்றுலாவா, மருத்துவ விடுப்பா?

பூலாவ் தீக்குஸ் மீனா

குமார் சார், நீங்கள் ஒரு மணி நேரத்தில் இரண்டு கோயிலையும் பார்த்துவிடலாம் என்கிறீர்கள். பர்மா கோயிலில் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனீர்களா? பெரும்பாலானவர்கள் நிற்கும் புத்தரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் இரண்டு தெரு தள்ளி இருப்பவள், தினமும் பார்க்கிறேன்.

சுதா, இரண்டும் ஒரே சந்தில் எதிரெதிராக இருக்கின்றன. பர்மா கோயில் 1803-லிருந்து இருக்கிறது. தீவில் எழுந்த முதல் பௌத்தக் கோயில் அதுதான். இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் கப்பலில் வந்து இறங்கியது 1786, அதற்குப் பதினேழு வருடம் கழித்து. நிலம் நோன்யா பெத்தோங் என்ற ஒரு பெண்மணி வாங்கிக் கொடுத்தது. எதிரிலிருக்கும் சயாம் கோயில் 1845. அதன் நிலம் விக்டோரியா மகாராணி பெயரால் ஆளுநர் பட்டர்வொர்த் வழங்கியது. அவர் பெயரைத்தான் கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் இன்னும் சுமக்கிறது.

சயாம் கோயிலின் சயன புத்தர் 33 மீட்டர் நீளம். எல்லாரும் முகத்துக்கு எதிரே நின்று படமெடுப்பார்கள். நீங்கள் சிலையின் பின்பக்கமாக ஒரு சுற்று வாருங்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவரின் அஸ்தி, சிறிய புகைப்படம், பெயர். பெரிய சிலையைவிட அந்த நடைபாதையில்தான் எனக்குக் கால் நிற்கும். சில குடும்பங்கள் இறந்தவருக்குப் பிடித்த தின்பண்டத்தையும் வைத்திருக்கும். சத்தம் போடாமல், படமெடுக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசலில் பச்சை உடம்புப் பாம்புகளும் ஆயுதம் ஏந்திய யட்சர்களும் காவல் நிற்பதை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். வாள் கேட்டானல்லவா, அங்கேயே இருக்கிறது.

பர்மா கோயில் பக்கம் போனால் மனம் வேறு மாதிரி ஆகும். மரநிழல், குளம், சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போவதிலிருந்து தொடங்கும் ஓவிய வரிசை. தண்ணீருக்குள் சுழன்றுகொண்டிருக்கும் கிண்ணங்களில் சில்லறையை எறியும் குளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு வேண்டுதல். என் வீட்டுப் பிள்ளைகள் அதில் தொலைத்த காசை உண்டியலில் போட்டிருந்தால் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். இரண்டு கோயிலிலும் பெரும்பகுதி சமதளம், மாமியாருக்குப் பிரச்சினையே இல்லை. நாலரை மணி வாக்கில் சாத்த ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் மூன்று மணிக்கு மேல் தள்ளாதீர்கள். காலையில் வந்தால் இன்னும் நல்லது, வழியில் பூலாவ் தீக்குஸ் சந்தையில் பசியாறிக்கொள்ளலாம்.

செலாயாங் சுதா

மீனா, தம்பி, கம்பார் ரோடு அக்கா, எல்லாருக்கும் நன்றி. அஸ்தி மாடம் பற்றி எந்த வழிகாட்டியிலும் நான் படிக்கவில்லை. கெக் லோக் சி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

பூலாவ் தீக்குஸ் மீனா

சொல்லாமல் விட்டதே பதில்தான். விட்டுவிடுங்கள். கீழிருந்து ஏறினால் இரண்டு பக்கமும் சட்டை, சாவிக்கொத்து, விசிறிக் கடைகள். ஆமைக் குளம் வந்து சேர்வதற்குள் கால் போய்விடும். மேலே போனால் அங்கும் நினைவுப்பொருள் கடை. அமைதி தேடிப் போகிற இடம் இல்லை அது.

ஜொகூர் குமார்

பினாங்கு வந்து கெக் லோக் சி பார்க்காமல் போவதா? சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வார்கள்?

பட்டர்வொர்த் வாத்தியார்

மீனாம்மா சொல்வது பாதி உண்மை. கடைவீதி எனக்கும் பிடிக்காது. ஆனால் அதற்காக அந்தக் கோபுரத்தையே விடச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கெக் லோக் சி வேலை 1890 வாக்கில் தொடங்கியது. பியாவ் லியான் என்ற சீனத் துறவி, பினாங்கின் செல்வந்தர்களிடம் நிதி திரட்டி மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுப்பினார். ஏழு நிலைக் கோபுரம் 1930-ல் முடிந்தது. சயாம் மன்னர் ஆறாம் ராமாதான் அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கோபுரத்தை நின்று பாருங்கள். அடியில் எண்கோணச் சீனக் கட்டு, நடுவில் சயாம், உச்சியில் பர்மா. மூன்று நாட்டுப் பௌத்தமும் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது. சயாம் கோயிலும் பர்மா கோயிலும் சீனக் கோயிலும் ஒரே தீவில் இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் எது?

உள்ளே ஏற வேண்டிய அவசியமே இல்லை. குறுகலான படி, சுதாவின் மாமியாருக்கு ஆகாது. வெளியே தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே மூன்று பாணியும் பிரிந்து தெரியும்.

வழியைச் சொல்கிறேன். கடைவீதி வழியாக ஏறாமல் காடியை மேலே கொண்டுபோங்கள், சாலை இருக்கிறது. மேல்தளத்தில் வெண்கலக் குவான் யின் சிலை, 30.2 மீட்டர், 2002-ல் நிறைவடைந்தது. அதற்குக் கூரை மண்டபம் பிறகு வந்தது. இடையில் ஏறி இறங்கச் சாய்வு மின்தூக்கி இருக்கிறது, சிறு கட்டணம். காலையில் ஒன்பது மணிக்குள் போனால் ஆயர் ஈத்தாம் நெரிசலும் இருக்காது, பேருந்துக் கூட்டமும் வந்திருக்காது. அங்கிருந்து ஜார்ஜ்டவுன் முழுவதும் தெரியும், கடலுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரும் மங்கலாகத் தெரியும்.

சீனப் புத்தாண்டை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் இரவில் விளக்கலங்காரம் செய்வார்கள். அழகுதான், ஆனால் அந்த நேரத்தில் காடியில் போகிறவர்கள் பொறுமையை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும்.

பூலாவ் தீக்குஸ் மீனா

சரி ஐயா, மேல் வழியாக என்றால் ஒப்புக்கொள்கிறேன். கடைவீதி பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பாகான் டாலாம் கார்த்தி

அருங்காட்சியகத்துக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை. ஜார்ஜ்டவுனில் அருங்காட்சியகம் என்று பலகை மாட்டிய பல இடங்கள் படமெடுக்கும் கூடங்கள்தான். ஒன்றில் குடும்பத்தோடு நுழைந்து நல்ல தொகை கட்டினேன். உள்ளே பிளாஸ்டிக் பொம்மையும் சுவரில் வரைந்த சிறகும்தான். பையனுக்குக் கொண்டாட்டம், எனக்கு வயிற்றெரிச்சல்.

உண்மையான அருங்காட்சியகம் என்றால் மாநில அருங்காட்சியகம். ஃபார்குவார் தெருவில் இருப்பது பழைய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடம். பள்ளி 1816-ல் தொடங்கியது, இந்தக் கட்டடம் 1896-ல் வந்தது. போரில் குண்டு விழுந்து ஒரு பாதி போய்விட்டது, மிஞ்சிய பாதியில் 1965-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். சீரமைப்புக்காக 2017-லிருந்து நீண்ட காலம் மூடிவைத்து, மேக்கலிஸ்டர் சாலைக் கிளையில் காட்சிப்பொருளை வைத்தார்கள். கிளம்புமுன் போன் போட்டு எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

மகனுக்குப் பீரங்கி வேண்டும் என்றால் கோர்ன்வாலிஸ் கோட்டை. ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கி, 1603 என்று அதிலேயே பொறித்திருக்கும். பிள்ளை வரம் வேண்டி அதற்குப் பூ வைத்த காலமும் உண்டு. கோட்டைக்குள் நிழல் குறைவு, மாலை நேரம் போங்கள்.

அப்புறம் ஆர்மேனியன் தெரு 120-ஆம் எண் வீடு. சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1910-ல் இங்கிருந்துதான் அடுத்த வருடத்துக் கான்டன் எழுச்சிக்குத் திட்டம் போட்டார். நீளமான கடைவீடு, நடுவில் திறந்த முற்றம். வெளியே சுவரோவியத்துக்கு வரிசை நிற்கும், உள்ளே ஆளே இருக்க மாட்டார்கள். வீட்டார் யாராவது இருந்தால் பொறுமையாகப் பேசுவார்கள். சர்ச் தெரு பெரானாக்கான் (மலாய் வழக்கம் கலந்த சீனர்) மாளிகையும் நன்றாக இருக்கும், ஆனால் கட்டணம் அதிகம். நகை, பீங்கான், கண்ணாடி என்று பொருள் குவிந்து கிடப்பதால் சீக்கிரம் கண் களைத்துவிடும்.

தண்ணீர்மலை தம்பி

நடிகர், பாடகர் பி. ரம்லி வீட்டை விட்டுவிட்டீர்களே கார்த்தி அண்ணே. அவர் 1929-ல் பிறந்த மரவீடு, அவர் பெயரே வைத்த சாலையில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்பார்கள். என் அம்மா அந்த வாசற்படியில் உட்கார்ந்தால் பாட்டெல்லாம் வரிசையாக வரும். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன் நம் ஆள், பினாங்கில் வளர்ந்தவர். உங்கள் மாமியாருக்கு இது தெரிந்திருக்கும்.

சிப்பாங் சிவா

எல்லாம் சரி. ஆனால் சிங்களர் கோயிலுக்குப் போகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2009-ல் நடந்ததை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா?

கம்பார் ரோடு

சிவா தம்பி, என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அந்த வருடம் எங்கள் வீட்டில் விழுந்த இழவு எனக்குத் தெரியும், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனம் வராதவர்கள் போக வேண்டாம், அதில் தவறே இல்லை. நான் அந்த விகாரைக்குப் பக்கத்தில் வாழ்கிறேன். மரத்தடியில் உட்காருகிறேன், அங்குள்ள சீனப் பாட்டிகளோடு பேசுகிறேன். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

நெறியாளர்

அரசியல் பேச வேண்டுமென்றால் தனி இழை திறக்கவும். இங்கே பினாங்கு மட்டும்.

பட்டர்வொர்த் வாத்தியார்

நெறியாளர் மன்னிக்க, சிவா கேட்டதன் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, அது இந்த ஊருக்குள்தான் வருகிறது. பௌத்தம் என்றால் சிங்களமும் சீனமும்தான், தமிழனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

1834-ல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறையில், அதாவது என் வீட்டுப் பக்கத்தில், ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் தூபியின் வடிவமும் இந்திய எழுத்தும். மகாநாவிகன் புத்தகுப்தன், ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்தவன், பயணம் நலமாக முடிய வேண்டிச் செதுக்கியது. ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டு. கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லைட் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே வங்கக் கடலைக் கடந்து வந்த ஒரு பௌத்த மாலுமி இந்தக் கரையில் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

அப்புறம் கடாரம், அதாவது இன்றைய கெடா. ராஜராஜன் காலத்தில் கடாரத்து மன்னன் ஸ்ரீமாரவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் கட்டினான். சிவபக்தனான ராஜராஜன் அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிவைத்தான். ஆனைமங்கலச் செப்பேடு இதைச் சொல்கிறது. 1025-ல் அவன் மகன் ராஜேந்திரன் கப்பல் படையோடு வந்து அதே கடாரத்தை அடித்தது வேறு கதை.

இதைப் பார்க்க ஆசைப்பட்டால் தீவை விட்டு ஒரு நாள் வெளியே வாருங்கள். கெடாவில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், ஜெராய் மலை அடிவாரம். புக்கிட் பத்து பஹாட் சண்டியை (பழங்காலக் கற்கோயில்) 1960 வாக்கில் மறுபடி அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஓடையில் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சைவமும் பௌத்தமும் கலந்து கிடைத்த இடம். மகன் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், மாமியார் மரத்தடியில் உட்காரலாம். சண்டிக்குப் போக மேடு ஏற வேண்டும், ஆனால் அருங்காட்சியகக் கட்டடத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

ஜொகூர் குமார்

வாத்தியார் ஐயா, இது என் பட்டியலில் இல்லை. அடுத்த முறை சேர்த்துக்கொள்கிறேன். காலையில் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடுமா?

பூலாவ் தீக்குஸ் மீனா

ஐயோ.

லக்சா பிரியை

யாரும் கல்லறைத் தோட்டத்தைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். சுல்தான் அகமது ஷா சாலையில் பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறை. 1794-ல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் சமாதி அங்கேதான். சயாம் அரண்மனையில் பாடம் சொல்லப் போன ஆனாவின் கணவர் லியோனோவென்சும் அங்கேயே. முழுக்க நாவில்லா அரளி மரம், தரையெல்லாம் வெள்ளைப் பூ. வெளியே சாலை இரைச்சல், உள்ளே ஒரு சத்தம் இல்லை. என் கணக்கில் ஜார்ஜ்டவுனின் நல்ல பூங்காக்களில் அதுவும் ஒன்று. கல்லறை என்றால் மாமியார் வரமாட்டார் என்றால், கணவரையும் மகனையும் மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் இருவரும் பினாங்கு சாலைப் பக்கம் சென்டோல் குடிக்கப் போங்கள்.

செலாயாங் சுதா

கணவரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒரு காலை பூங்காவும் நகரத்தார் கோயிலும். ஒரு காலை மேல் வழியாகக் கெக் லோக் சி. ஒரு காலை பர்மா, சயாம் கோயில்கள். மதியமெல்லாம் தூக்கம். மாலை கோட்டை, ஆர்மேனியன் தெரு, கடைசியாக லிட்டில் இந்தியா. கொடிமலையை வெட்டிவிட்டோம். குமார் அண்ணன் கோபிக்க வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கை வீடு திரும்பும் நாளில் வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது.

பட்டர்வொர்த் வாத்தியார்

திரும்பும் நாளில் வேண்டாம். மெர்போக் வடக்கே, உங்கள் வீடு தெற்கே. வடக்கே போய் மறுபடி தெற்கே ஓட்டினால் கணவர் களைத்துவிடுவார். இடையில் ஒரு நாளை அதற்கே விடுங்கள், அன்று வேறெதுவும் வைக்காதீர்கள்.

தண்ணீர்மலை தம்பி

மழையையும் கணக்கில் எடுங்கள். வருடக் கடைசி விடுமுறை என்றால் மதியத்துக்கு மேல் கொட்டும். பூங்கா, கோட்டை இரண்டையும் வானம் பார்த்து முடிவு செய்யுங்கள். மழைநாளுக்கு ஆர்மேனியன் தெரு வீடும் பி. ரம்லி வீடும் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ ரேணு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மதுரையிலிருந்து அத்தை குடும்பம் வருகிறது, அவர்களையும் இதே மாதிரி கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறேன். மைகாட் (மலேசிய அடையாள அட்டை) இல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடுமா? காடியும் கிடையாது.

பாகான் டாலாம் கார்த்தி

கொடிமலை ரயிலுக்குக் கூடும், வித்தியாசம் பெரியது. பூங்காவும் சயாம், பர்மா கோயில்களும் எல்லாருக்கும் இலவசம். கெக் லோக் சியில் கோபுரத்துக்கும் மின்தூக்கிக்கும் மட்டும் சின்னத் தொகை. ஜார்ஜ்டவுனுக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. பூங்காவுக்கு 10-ஆம் எண், கொடிமலை அடிவாரத்துக்கு 204. பூலாவ் தீக்குஸ் வழியாகத் தெலுக் பஹாங் போவது 101. பூங்காவுக்கு வண்டி அடிக்கடி வராது, காலையில் கிராப் வாடகைக் காடி எடுத்துப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்து பிடிக்கச் சொல்லுங்கள். விசாக தினத்தன்று மட்டும் வேண்டாம். கூட்டத்தில் கோயில்களுக்குள் நுழையவே முடியாது, மாலையில் ரத ஊர்வலத்துக்காகச் சாலைகளையும் அடைத்துவிடுவார்கள்.